டிவைஸ் ட்ரீ கேள்வி-பதில்: தாய்க் கோப்பில் கை வைக்காதீர்கள்

டிவைஸ் ட்ரீ என்பது, போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் விவரக் கோப்பு. சிப்புக்கான பொதுக் கோப்பைத்தான் தாய்க் கோப்பு என்கிறேன். அதைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் தனியாக எழுதும் சிறு கோப்பு ஓவர்லே. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பிழைச் செய்தியே இல்லை. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

கேள்வி: செம்பனை ஆலைக் கொதிகலனுக்கு ஐ2சி (சிப்போடு சென்சார்களை இணைக்கும் இரு கம்பித் தடம்) வெப்ப சென்சார் ஒன்றை ஓவர்லேயில் சேர்த்தேன். டிரைவர் எழவே இல்லை. (கோலகங்சார்)

பதில்: அந்த ஐ2சி பஸ்ஸின் ஸ்டேட்டஸ் என்ன? சிப் கோப்பில் பெரும்பாலும் 'டிஸேபிள்ட்' என்றுதான் இருக்கும். முதலில் அதை 'ஓகே' ஆக்குங்கள்.

கேள்வி: பின்-கண்ட்ரோல் (சிப்பின் எந்தக் கால் எந்த வேலைக்கு) பட்டியலில் ஒன்றைக் கூடுதலாக எழுதினேன். பழையவை காணாமல் போய்விட்டன.

பதில்: போகத்தான் செய்யும். ஒரு ப்ராப்பர்ட்டியை, அதாவது பெயரும் மதிப்பும் கொண்ட வரியை, திரும்ப எழுதினால் பழையதோடு சேராது, மொத்தமாக மாறிவிடும். மூன்று இருந்தால் மூன்றையும் எழுதி, நான்காவதைச் சேருங்கள்.

கேள்வி: சிப்பின் டிடிஎஸ்ஐ கோப்பையே, அதாவது தாய்க் கோப்பையே, திருத்திவிட்டேன். சுலபமாக முடிந்தது. தவறா? (தெலுக் இந்தான்)

பதில்: தம்பி, இதைத்தான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். அது உங்கள் கோப்பு அல்ல, அந்தச் சிப்பை வைத்திருக்கும் எல்லா போர்டுக்கும் பொது. ஒரு தோட்டத்தில் லாரி எடைப் பாலத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஒரே சிப். இரண்டிலும் ஓடுவது ஸெஃபைர், சிறு கருவிகளுக்கான இயங்குதளம். எடைக் கருவி 9600 வேகத்தில்தான் பேசும் என்பதற்காக ஒருவர் சிப் கோப்பிலேயே யுஆர்ட் (சீரியல் போர்ட்) வேகத்தை மாற்றிவிட்டார். அடுத்த அப்டேட்டில் பம்பின் மோடம் ஊமையாகிவிட்டது, அது எதிர்பார்த்தது 115200. இரண்டு ராத்திரி கேபிளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எடைப் பாலத்தின் ஓவர்லேயில், யுஆர்ட்டின் லேபிளுக்கு (சிப் கோப்பில் அதற்கு வைத்திருக்கும் பெயர்) முன் ஆம்பர்சண்ட் (&) போட்டு நான்கு வரி எழுதியிருந்தால் போதும். தாய்க் கோப்பில் கை வைக்காதீர்கள். எழுதி முடித்ததும் பில்ட் ஃபோல்டரில் இருக்கும் ஸெஃபைர்.டிடிஎஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். கடைசியில் நின்ற மதிப்பு அதில்தான் தெரியும்.

கேள்வி: லினக்ஸில் யுஆர்ட்டின் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் (தரவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிகள்) பூலியனுக்கு (ஆம்/இல்லை ப்ராப்பர்ட்டி) 0 கொடுத்தும் அணையவில்லை.

பதில்: பூலியன் என்றால், அந்த வரி இருந்தாலே 'ஆம்'. 0 கொடுத்தாலும் 'ஆம்'தான். டெலீட்-ப்ராப்பர்ட்டி போட்டு நீக்குங்கள். ஆனால் ராஸ்பெர்ரி பை போல பூட் ஆகும்போது ஏற்றும் ஓவர்லேயில் அது பலிக்காது. டெலீட் என்பது கம்பைல் நேரத்து வேலை.

கேள்வி: ஸெஃபைரில் ஆப்.ஓவர்லே எழுதினேன். கண்டுகொள்ளவே இல்லை. (பாகான் செராய்)

பதில்: போர்ட்ஸ் ஃபோல்டரில் உங்கள் போர்டு பெயரில் இன்னொரு ஓவர்லே கிடக்கும். அது இருந்தால் ஆப்.ஓவர்லேயைத் தானாக எடுக்காது. பில்ட் லாக்கில் எந்த ஓவர்லே கிடைத்தது என்று ஒரு வரி வரும். அதைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. புதிதாகக் கோப்பு சேர்த்தால் பழைய பில்டைத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: இரண்டு ஓவர்லே ஒரே மதிப்பை மாற்றினால்?

பதில்: கடைசியாக வந்தது ஜெயிக்கும்.

கேள்வி: நோடுக்கு (ட்ரீயில் ஒரு கருவிக்கான பகுதி) தமிழில் பெயர் வைக்கலாமா ஐயா?

பதில்: முடியாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும்தான். கமெண்ட்டில் தாராளமாக எழுதலாம். என் கோப்புகளில் "இதைத் தொடாதே" என்று தமிழில்தான் இருக்கிறது.