லாகின், டோக்கன், ஏபிஐ பாதுகாப்பு: கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. பேக்எண்ட் வேலைல, அதுவும் பணம் புழங்குற சிஸ்டம்கள்ல ரொம்ப வருஷமா இருக்கேன். லாகின், டோக்கன் (லாகின் ஆனவருக்கு சர்வர் குடுக்கற அனுமதிச் சீட்டு), ஏபிஐ (ஆப் சர்வரோட பேசற வழி) பாதுகாப்பு பத்தி என்ன வேணாலும் கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், உங்க நிஜ டோக்கனையோ சீக்ரெட் கீயையோ கேள்வியோட சேர்த்து ஒட்டாதீங்க.

ஃபைனல்இயர்_பையன்: அக்கா, ஜேடபிள்யூடி என்க்ரிப்ட் ஆனது தானே? யூசரோட ஃபோன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் அதுக்குள்ளயே வச்சுட்டா டேட்டாபேஸ் போகாமலே எடுத்துக்கலாம்ல?

பதில்: வைக்காத தம்பி. ஜேடபிள்யூடிங்கறது யூசர் விவரத்த ஜேசான்ல எழுதி சர்வர் கையெழுத்து போட்ட டோக்கன். சாதாரணமா நாம பயன்படுத்துற ஜேடபிள்யூடில என்க்ரிப்ஷனே கிடையாது, கையெழுத்து மட்டும்தான் இருக்கு. உன் டோக்கன எடுத்துப் பாரு, ரெண்டு புள்ளி வச்சு மூணு துண்டா இருக்கும். ஹெட்டர் (எந்த முறைங்கற குறிப்பு), பேலோட் (உள்ள இருக்கற விவரம்), சிக்னேச்சர் (கையெழுத்து). முதல் ரெண்டு துண்டும் அனேகமா ஈ, ஒய், ஜே-ன்னுதான் ஆரம்பிக்கும், ஏன்னா ஜேசான் தொடங்குற வளைவுக் குறியையும் அடுத்த டபுள் கோட்டையும் பேஸ்64ங்கற எழுத்து முறைல எழுதினா அந்த மூணு எழுத்து வரும். அவ்ளோதான் அந்த மறைப்பு, யார் கையில டோக்கன் கிடைச்சாலும் பிரிச்சுப் படிச்சிடலாம். சிக்னேச்சர் என்ன பண்ணுதுன்னா, உள்ள இருக்கறத யாராவது மாத்தினா காட்டிக்கொடுக்கும், படிக்கறத தடுக்காது. பேலோட்ல யூசர் ஐடி, எப்ப கொடுத்தது, எப்ப முடியும், யாருக்காக கொடுத்தது, இவ்வளவு போதும். ஆதார் நம்பர் பக்கமே போகாத.

நோட்_டெவலப்பர்: எக்ஸ்பைரி 15 நிமிஷம் வச்சிருக்கேன், ஆனா போன வாரம் வாங்கின டோக்கன் இன்னும் ஓடுதுங்க. லைப்ரரி பக்கா?

பதில்: லைப்ரரி மேல எனக்கு சந்தேகம் இல்ல. எக்ஸ்ப் வேல்யூவ, அதாவது டோக்கன் முடியற நேரத்த, நீங்களே கணக்கு போட்டு பேலோட்ல வைக்கறீங்களா? ஜாவாஸ்கிரிப்ட்ல இப்போதைய நேரம் கேட்டா மில்லிசெகண்ட்ல தரும், ஜேடபிள்யூடி விதி, அதாவது 2015ல வந்த ஆர்எஃப்சி 7519, செகண்ட்ல எதிர்பார்க்குது. ஆயிரத்தால வகுக்காம அப்படியே போட்டா உங்க டோக்கன் இன்னும் அம்பதாயிரம் வருஷத்துக்கு மேல செல்லும். டோக்கன பிரிச்சு எக்ஸ்ப் நம்பர எண்ணுங்க, பத்து இலக்கம் இருக்கணும், பதிமூணு இருந்தா இதுதான் கோளாறு. லைப்ரரியோட எக்ஸ்பயர்ஸ்இன் ஆப்ஷனுக்கு மாறினாலும் கவனம், என்விரான்மென்ட் ஃபைல்ல 900ன்னு வச்சா அது ஸ்ட்ரிங்கா வரும், யூனிட் இல்லாத ஸ்ட்ரிங்க நோட் லைப்ரரி மில்லிசெகண்டா எடுத்துக்கும், டோக்கன் ஒரு செகண்டுக்குள்ள செத்துடும். 15எம்-னு யூனிட்டோட எழுதுங்க. இன்னொண்ணு, அதே லைப்ரரில டிகோட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது கையெழுத்தையும் பாக்காது எக்ஸ்பைரியையும் பாக்காது. வெரிஃபை தான் கூப்பிடறீங்களான்னு பாத்துடுங்க.

ரியாக்ட்_பொண்ணு: அக்கா டோக்கன லோக்கல் ஸ்டோரேஜ்ல வைக்கலாமா, குக்கில வைக்கலாமா?

பதில்: பிரவுசர் ஆப்னா குக்கிம்மா. எச்டிடிபிஒன்லி, செக்யூர் (எச்டிடிபிஎஸ்ல மட்டும் போகும்), சேம்சைட் (வேற சைட்ல இருந்து வர்ற ரிக்வெஸ்ட்ல குக்கி போறத கட்டுப்படுத்தும்) மூணும் போட்டது. லோக்கல் ஸ்டோரேஜ்ல இருக்கறத உன் வெப் பக்கத்துல ஓடுற எந்த ஸ்கிரிப்டும் படிக்கலாம், நீ இன்ஸ்டால் பண்ண என்பிஎம் பேக்கேஜ் ஒண்ணு கெட்டுப்போனா போதும், டோக்கன் வெளிய போயிடும். எச்டிடிபிஒன்லி போட்டா ஸ்கிரிப்டால அத படிக்க முடியாது. ஆனா எக்ஸ்எஸ்எஸ் ஓட்ட, அதாவது வெளியாள் ஸ்கிரிப்ட் உன் வெப் பக்கத்துல ஓட வழி, இருந்தா, எடுத்துட்டுப் போகலன்னாலும் யூசர் அந்த வெப் பக்கத்த திறந்து வச்சிருக்கும்போதே அவர் பேர்ல ரிக்வெஸ்ட் அனுப்பலாம், அதனால குக்கி போட்டாச்சுன்னு இன்புட்ட சுத்தம் பண்ணாம விடாத. குக்கின்னா சிஎஸ்ஆர்எஃப், அதாவது வேற சைட் ஒண்ணு யூசர் குக்கியோட ரிக்வெஸ்ட் அனுப்ப வைக்கறது, பத்தியும் யோசிக்கணும், சேம்சைட் லாக்ஸ் பெரும்பகுதிய பாத்துக்கும், கெட் ரிக்வெஸ்ட்ல எதையும் மாத்துற வேலை வைக்காத.

பின்எண்ட்_தம்பி: எல்லா ரூட்டுக்கும் மிடில்வேர் போட்டுட்டேங்க்கா, டோக்கன் இல்லாம ஒரு ரிக்வெஸ்ட் உள்ள வராது. இனிமே சேஃப்னு சொல்லலாமா?

பதில்: இந்த கேள்விக்காகத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோ.

உன் மிடில்வேர், அதாவது ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் வாசல்லயே பாக்கற கோட், வந்தது யாருன்னு மட்டும்தான் சொல்லுது. அவங்க கேக்கற பொருள் அவங்களோடதான்னு அது சொல்லல. லாட்ஜ் வாசல்ல வாட்ச்மேன் உள்ள விட்டுட்டாருங்கறதுக்காக எந்த ரூம வேணாலும் திறக்கலாமா? ஆர்டர்ஸ் ஸ்லாஷ் 1042ன்னு ஒரு யூஆர்எல் வச்சிருக்கன்னு வை. நான் முறைப்படி லாகின் பண்ணி, என் சொந்த டோக்கனோட, 1043ன்னு மாத்தி அனுப்பறேன். டோக்கன் சரி, எக்ஸ்பைரி சரி, கையெழுத்து சரி, மிடில்வேர் விட்டுடும். உன் கோட் டேட்டாபேஸ்ல ஐடிய மட்டும் வச்சு தேடினா வேற ஒருத்தரோட விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் எனக்கு வந்துடும். ஒரு லூப் போட்டா மொத்த டேபிளும் என் கையில. ஓவாஸ்ப்ங்கற பாதுகாப்பு அமைப்போட ஏபிஐ ஓட்டைப் பட்டியல்ல 2019லயும் சரி 2023லயும் சரி, முதல் இடத்துல இருக்கறது இந்த ஓட்டதான், எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் கூட இல்ல.

சரி பண்றது எப்படி? க்வெரிலயே ஓனர சேர்த்துடு: ஐடி இது, யூசர் ஐடி டோக்கன்ல இருந்து வந்தது, ரெண்டும் பொருந்தினாதான் ரோ வரணும். யூசர் ஐடிய ரிக்வெஸ்ட் பாடில இருந்து எடுக்காத, அத யார் வேணாலும் எழுதி அனுப்பலாம். பொருந்தலைன்னா 404 (அப்படி எதுவும் இல்ல) குடு, 403 (அனுமதி இல்ல) குடுத்தா அப்படி ஒரு ஆர்டர் இருக்குன்னு நீயே சொன்ன மாதிரி ஆகுது. நம்பருக்கு பதிலா யூயூஐடி, அதாவது நீள ரேண்டம் ஐடி, போட்டேன்னு சிலர் நிம்மதியா இருப்பாங்க, ஊகிக்கறது கஷ்டமாகும் அவ்வளவுதான், லிங்க் ஷேர் ஆனா, சர்வர் பதிவுல (லாக்) விழுந்தா அதுவும் போச்சு. அப்புறம் ரெண்டு டெஸ்ட் யூசர் உருவாக்கி, ஒருத்தர் டோக்கனோட இன்னொருத்தர் பொருள கேக்கற டெஸ்ட் ஒண்ணு ஒவ்வொரு எண்ட்பாயிண்ட்டுக்கும் எழுது. எழுத அஞ்சு நிமிஷம் ஆகும், அதுக்கு மேல ஆகாது. எழுதாம ரிலீஸ் பண்ணாத.

வியூ_ரசிகன்: லோக்கல் ஸ்டோரேஜ் பெட்டரா குக்கி பெட்டரா?

பதில்: மேல ரியாக்ட்_பொண்ணுக்கு சொன்னதுதான். வியூவுக்கு தனி விதி இல்ல.

ஸ்டார்ட்அப்_ஆளு: பாஸ்வேர்டே வேணாம்னு ஓடிபி லாகின் வைக்கறோம், நாலு இலக்கம். போதும்ல மேடம்?

பதில்: நாலு இலக்கம்னா மொத்தமே 10,000 வாய்ப்பு. முயற்சிக்கு கட்டுப்பாடு இல்லைன்னா சில நிமிஷத்துல எல்லாத்தையும் போட்டுப் பாத்துடுவாங்க. ஆறு இலக்கம் வைங்க, ஆனா இலக்கத்த கூட்டறது மட்டும் காப்பாத்தாது. நம்ம சென்னைக்காரர், பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா 2019ல இன்ஸ்டாகிராம்ல காட்டினாரே, பாஸ்வேர்ட் ரீசெட் கோட் ஆறு இலக்கம், பத்து நிமிஷம் செல்லும், ரேட் லிமிட்டும் (எத்தன முயற்சிங்கற கட்டுப்பாடு) இருந்துது. அவர் ஆயிரம் ஐபில இருந்து ஒரே நேரத்துல ரிக்வெஸ்ட் அனுப்பினப்ப லிமிட் பிடிக்கல, 2 லட்சம் முயற்சி உள்ள போச்சு, அதாவது மொத்த பத்து லட்சத்துல அஞ்சுல ஒரு பங்கு. அந்த கம்பெனி 30,000 டாலர் பரிசு குடுத்துது. இதுல கத்துக்க வேண்டியது என்னன்னா, ஐபிய வச்சு எண்ணினா பத்தாது, அந்த கோடோட ரெக்கார்டுலயே முயற்சி எண்ணிக்கைய வைங்க, அஞ்சு தப்பு ஆனா அந்த கோடே செல்லாது. எண்ணிக்கைய ஏத்தறதும் செக் பண்றதும் ஒரே அப்டேட்ல நடக்கணும், முதல்ல படிச்சு அப்புறம் எழுதினா நூறு ரிக்வெஸ்ட் ஒண்ணா வர்றப்ப எல்லாமே பூஜ்யம்னு படிச்சிட்டு உள்ள போயிடும்.

கோட்_கிறுக்கன்: சிஓஆர்எஸ் டைட்டா வச்சா ஏபிஐ சேஃப் தானே?

பதில்: சிஓஆர்எஸ், அதாவது எந்த சைட் உன் ஏபிஐ பதில படிக்கலாம்ங்கற விதி, பிரவுசருக்கு மட்டும். கர்ல் மாதிரி பிரவுசர் இல்லாத கருவில இருந்து வர்றவன் அத கண்டுக்கவே மாட்டான்.

ஸ்பிரிங்_அண்ணன்: தங்கச்சி, ஒரு மாற்றுக்கருத்து. ஒரே சர்வர், ஒரே வெப்சைட் வச்சிருக்கறவங்களுக்கு எதுக்கு ஜேடபிள்யூடி? பழைய செஷன் குக்கி போதும். தேவையில்லாம எல்லாரையும் இதுல இழுத்து விடறோம்னு தோணுது.

பதில்: அண்ணே, முழுசா ஒத்துக்கறேன். ஒரு ரேண்டம் ஐடி, சர்வர் பக்கம் ஒரு ரோ, லாகவுட்னா அந்த ரோவ அழிச்சா முடிஞ்சுது. பல சர்வீஸ் இருக்கு, ஒண்ணு கொடுக்கற டோக்கன இன்னொண்ணு தானா சரிபார்க்கணும், வெளி பார்ட்னர் வர்றாங்க, அப்பதான் ஜேடபிள்யூடி நிஜமா உதவும்.

க்ளவுட்_மச்சி: ஒத்துக்க மாட்டேன். செஷன்னா ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஸ்டோர தட்டணும், ஸ்கேல் ஆகாது. சர்வர்ல எதையும் வைக்காத ஸ்டேட்லெஸ்தான் அழகே.

பதில்: ப்ரோ, அந்த ரிக்வெஸ்ட் எப்படியும் டேட்டாபேஸ்க்கு போகப்போகுது, ஆர்டர் எடுக்க, ப்ரொஃபைல் எடுக்க. அதோட ரெடிஸ் மாதிரி மெமரில ஓடுற ஸ்டோர்ல ஒரு கீ தேடறது பக்கத்து மெஷின்னா ஒரு மில்லிசெகண்ட் கூட ஆகாது. அத மிச்சம் பிடிக்க நீங்க எத விட்டுக்கொடுக்கறீங்கன்னு பாருங்க. திருடு போன டோக்கன நிறுத்தற சக்திய.

க்ளவுட்_மச்சி: 15 நிமிஷத்துல அதுவே செத்துடும், எதுக்கு நிறுத்தணும்?

பதில்: 15 நிமிஷத்துல ஒரு அக்கவுண்ட காலி பண்ணிடலாம், நான் வேலை செய்யற துறைல அது ரொம்ப நீண்ட நேரம். 2018 செப்டம்பர்ல ஃபேஸ்புக்ல நடந்தத பாருங்க. வ்யூ ஆஸ் (நம்ம ப்ரொஃபைல் மத்தவங்களுக்கு எப்படி தெரியும்னு பாக்கறது) வசதில இருந்த ஓட்ட வழியா மத்தவங்க ஆக்சஸ் டோக்கன் வெளிய போச்சு. முதல்ல 5 கோடி பேர்னு சொன்னாங்க, பின்னாடி கிட்டத்தட்ட 3 கோடின்னு திருத்தினாங்க. அங்க பாஸ்வேர்ட் எதுவும் திருடு போகல, அதனால பாஸ்வேர்ட் மாத்தச் சொல்லி பிரயோஜனமும் இல்ல. அவங்க பண்ணது என்ன, அந்த 5 கோடியோட முன்னெச்சரிக்கையா இன்னொரு 4 கோடி, ஆக 9 கோடி அக்கவுண்ட்டோட டோக்கன சர்வர் பக்கம் செல்லாம ஆக்கினாங்க, எல்லாரும் திரும்ப லாகின் பண்ணாங்க. உங்க சிஸ்டத்துல இன்னிக்கு ராத்திரி இது நடந்தா எந்த பட்டன அமுக்குவீங்க? சைனிங் கீய மாத்தினா எல்லாரும் வெளிய போவாங்க, ஒருத்தர மட்டும் வெளிய தள்ள வழி இருக்கா?

ஸ்பிரிங்_அண்ணன்: அதத்தான் நானும் சொல்றேன். லாகவுட்டுக்கு ப்ளாக்லிஸ்ட் வச்சா திரும்ப ஸ்டோர தட்டறோம், அப்புறம் ஸ்டேட்லெஸ் எங்க?

க்ளவுட்_மச்சி: அப்ப எங்க 12 மைக்ரோசர்வீஸ்க்கும் செஷன் ஸ்டோர் ஒண்ணையே நம்பணுமா? அது விழுந்தா எல்லாம் விழும்.

பதில்: உங்க கேஸ் வேற ப்ரோ, அத நான் மறுக்கல. 12 சர்வீஸ்னா ஜேடபிள்யூடி சரிதான். ஆக்சஸ் டோக்கன் அஞ்சு பத்து நிமிஷம், அது முடிஞ்சா புதுசு வாங்கற ரிஃப்ரெஷ் டோக்கன் சர்வர் பக்கம் ரோவா இருக்கட்டும், யூசர் டேபிள்லயும் டோக்கன்லயும் டோக்கன் வெர்ஷன்னு ஒரு நம்பர், டேபிள்ல அத ஏத்தினா பழைய டோக்கன் பொருந்தாது. பணம் அனுப்பறது, ஃபோன் நம்பர் மாத்தறது மாதிரி எண்ட்பாயிண்ட்ல மட்டும் அந்த நம்பர டேட்டாபேஸ்ல போய் சரிபாருங்க. ப்ரொஃபைல் படம் காட்ட வேணாம். கையெழுத்துக்கு ஆர்எஸ்256 (போட ஒரு கீ, சரிபார்க்க இன்னொரு கீ) வைங்க, ப்ரைவேட் கீ லாகின் சர்வீஸ்ல மட்டும் இருக்கும், மத்த பதினொண்ணுக்கும் பப்ளிக் கீ போதும். எச்எஸ்256ல போடவும் சரிபார்க்கவும் ஒரே சீக்ரெட்தான், அத பன்னண்டு இடத்துல வச்சா, அதுல எந்த ஒண்ணு உடைஞ்சாலும் உடைச்சவனே டோக்கன் அடிச்சுக்கலாம். வெரிஃபை பண்றப்ப எந்த அல்காரிதம்னு நீங்கதான் சொல்லணும், டோக்கன் ஹெட்டர்ல எழுதியிருக்கறத நம்பாதீங்க. 2015ல பல லைப்ரரில வெளிய வந்த ஓட்ட அதுதான், ஹெட்டர்ல நன் (எதுவும் இல்ல)-னு எழுதி கையெழுத்தே இல்லாம உள்ள போக முடிஞ்சுது, இல்லைன்னா பப்ளிக் கீயவே எச்எஸ்256 சீக்ரெட்டா வச்சு கையெழுத்து போட முடிஞ்சுது. இதோட இந்த விவாதத்த நிறுத்திக்கலாம், மத்தவங்க காத்திருக்காங்க.

புது_டெவலப்பர்: ஜேடபிள்யூடி பேலோட்ல பாஸ்வேர்ட் ஹேஷ் (பாஸ்வேர்ட திருப்பி எடுக்க முடியாதபடி மாத்தினது) வைக்கலாமா?

பதில்: வேணாம். முதல் பதில படிங்க, எல்லாரும் படிக்கக்கூடிய இடம் அது.

பிஎச்பி_ஆளு: பழைய ப்ராஜெக்ட், பாஸ்வேர்ட் எம்டி5ல இருக்கு, 2 லட்சம் யூசர். எல்லாரையும் ரீசெட் பண்ணச் சொன்னா மேனேஜர் கத்துவார். வழி இருக்கா?

பதில்: இருக்குங்க. யாரையும் தொந்தரவு பண்ண வேணாம். எம்டி5 சீக்கிரம் உடைக்கக்கூடிய பழைய ஹேஷ் முறை, ஆர்கான்2ஐடி, பிகிரிப்ட் ரெண்டும் வேணும்னே மெதுவா ஓடற, பாஸ்வேர்டுக்கான முறைகள். இப்ப டேபிள்ல இருக்கற எம்டி5 ஹேஷையே எடுத்து அதுமேல ஆர்கான்2ஐடி போட்டு மாத்திடுங்க, பழைய எம்டி5 ஹேஷ டேபிள்ல இருந்து அழிச்சிடுங்க. யூசர் அடுத்த தடவை லாகின் பண்றப்ப நிஜ பாஸ்வேர்ட் உங்க கையில ஒரு நொடி இருக்கும்ல, அப்ப எம்டி5 இல்லாம நேரடியா ஆர்கான்2ஐடி போட்டு சேமிங்க, எந்த முறைன்னு டேபிள்ல தனியா ஒரு இடத்துல குறிச்சுக்கங்க. ஓவாஸ்ப் சொல்ற குறைந்தபட்சம் 19 எம்ஐபி மெமரி, 2 சுத்து. பிகிரிப்ட்னா காஸ்ட் 10க்கு குறையாம, 72 பைட்டுக்கு மேல அது பாக்காதுங்கறது ஞாபகம் இருக்கட்டும், தமிழ்ல பாஸ்ஃப்ரேஸ் வைக்கறவங்களுக்கு ஒரு குறிக்கே மூணு பைட் போகும், 24 குறியிலயே முடிஞ்சுடும். பழைய பேக்கப் டம்ப்கள்ல எம்டி5 அப்படியே தூங்கிட்டிருக்கும், அதையும் அழிங்க.

ஃப்ரீலான்ஸ்_நண்பர்: சீக்ரெட் கீ தெரியாம கிட்ல போயிடுச்சு, உடனே அடுத்த கமிட்ல எடுத்துட்டேன். ஓகே தானே?

பதில்: ஓகே இல்ல. கிட் பழைய கமிட் எல்லாத்தையும் ஹிஸ்டரில வச்சிருக்கும். இப்பவே கீய மாத்துங்க, அப்புறம் வந்து மீதிய படிங்க. புது கீ 32 பைட் ரேண்டமா இருக்கணும், கம்பெனி பேரும் வருஷமும் சேர்த்து வைக்காதீங்க. எச்எஸ்256 டோக்கன் ஒண்ணு கையில இருந்தா போதும், உங்க சர்வர தொடாமலே தன் மெஷின்ல உக்காந்து சீக்ரெட்ட ஊகிச்சுப் பாக்கலாம்.

ஆங்குலர்_அன்பர்: லோக்கல் ஸ்டோரேஜ் சேஃபா?

பதில்: மேல பாருங்க. மூணாவது தடவை.

கேரியர்_கவலை: செக்யூரிட்டிக்கு எந்த சர்டிஃபிகேட் நல்லது மேடம்?

பதில்: அது என் ஏரியா இல்லீங்க, வேலைக்கு ஆள் எடுக்கறவங்ககிட்ட கேளுங்க.

ஆண்ட்ராய்டு_தோழி: அக்கா, ரிஃப்ரெஷ் டோக்கன் ரொட்டேஷன் (ஒவ்வொரு தடவையும் பழசுக்கு பதிலா புதுசு) போட்டதுல இருந்து பஸ்ல ரயில்ல போற யூசருங்க திடீர்னு லாகவுட் ஆகறாங்கன்னு புகார். எடுத்துடலாமா?

பதில்: எடுக்காதம்மா, நல்ல வேலை பண்ணிருக்க. என்ன நடக்குதுன்னா ஆப் பழைய டோக்கன அனுப்புது, சர்வர் அத செல்லாம ஆக்கி புதுசு குடுக்குது, அந்த பதில் வர்றதுக்குள்ள சிக்னல் போயிடுது. ஆப் திரும்ப பழசையே அனுப்பும், சர்வருக்கு அது திருடன் மாதிரி தெரியும், அந்த லாகின்ல இருந்து வந்த மொத்த டோக்கன் வரிசையையும் ரத்து பண்ணிடும். ரெண்டு விஷயம் பண்ணு. ஆப்ல ரிஃப்ரெஷ் ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடணும், 401 (டோக்கன் செல்லாது) வாங்கின அஞ்சு ரிக்வெஸ்டும் தனித்தனியா ரிஃப்ரெஷ் கேக்கக்கூடாது, ஒரு பூட்டு போட்டு மத்ததெல்லாம் காத்திருக்கட்டும். சர்வர்ல, மாத்தின டோக்கன் அடுத்த 30 செகண்டுக்குள்ள அதே டிவைஸ்ல இருந்து வந்தா ரத்து பண்ணாம இன்னொரு புது டோக்கன் குடு, அதுக்கு அப்புறம் வந்தா ரத்து பண்ணிடு. சிக்னல் ரொம்ப நேரம் போனவங்க அப்பவும் லாகவுட் ஆவாங்க, ஆனா புகார் நல்லா குறையும். ரிஃப்ரெஷ் டோக்கன டேபிள்ல அப்படியே வைக்காம எஸ்எச்ஏ256 ஹேஷா வை, அது ஏற்கனவே நீள ரேண்டம்ங்கறதால ஆர்கான் தேவையில்ல. ஆப்ல, ஆண்ட்ராய்டோட கீஸ்டோர்ல (கீய பத்திரமா வைக்கற இடம்) இருக்கற கீயால என்க்ரிப்ட் பண்ணி வை. அப்புறம் உன் சர்வர் பதிவுல (லாக்) டோக்கன் வர்ற ஆதரைசேஷன் ஹெட்டர் அப்படியே விழுதான்னு ஒரு தடவை தேடிப்பாரு, விழுந்தா இன்னிக்கே மறைச்சிடு.