மர்த்தபான் ஓதத்தில் மின்சாரம்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். பக்கத்தில் மர்த்தபான் வளைகுடாவில் சேரும் சித்தாங் ஆற்று முகத்துவாரத்திலோ ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) சுவர்போல எழும்பி வருகிறது. தண்ணீர் இருபது அடி ஏறி இறங்குகிறதாம். மின்சாரம் எடுக்க இதைவிட நல்ல இடம் உண்டா? ஏன் யாரும் செய்யவில்லை?

எஸ்., மோல்மீன்

அன்புள்ள எஸ்.,

இருபது அடி சரிதான், ஆனால் அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. அட்டமி நவமியில் வெகுவாகக் குறைந்துவிடும். அணை கட்டித் தேக்கி எடுத்தால், கிடைக்கும் சக்தி ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் மின்சாரம் கால்வாசிதான். பெரிய நாளை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் சேறு. மர்த்தபான் வளைகுடாவின் கலங்கல் பெரிய ஓதத்தில் 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவும், சிறிய ஓதத்தில் 15,000 அளவுக்குச் சுருங்கும். அங்கே அணை கட்டினால் தேக்கத்தில் நிறைவது வண்டல்தான். சித்தாங் வாய்க்காலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கரையில் ஊர்களையே விழுங்கி, எதிர்க்கரையில் புது நிலம் போடுகிற ஆறு அது. எந்தக் கரையை நம்பி மதில் எழுப்புவது? பிரான்சின் ரான்ஸ் முகத்துவாரத்தில் 1966 முதல் 240 மெகாவாட் நிலையம் ஓடுகிறது என்றால், சராசரி 8 மீட்டர் ஓதத்தோடு அசையாத பாறைக்கரையும் குறுகிய வாயும் அதற்கு வாய்த்தன. போதாததற்கு, நம் சேற்றுத் திட்டுகள் கரண்டிமூக்கு உள்ளான் என்ற பறவை வந்து தங்கும் இடம். வளைகுடாவின் ஒரு பகுதி 2017-இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

தேடுவதென்றால் தெற்கே மெர்குய் தீவுகளுக்கு நடுவே தேடலாம். அங்கே அணை வேண்டாம், நீரோட்டத்தில் சுழலியை (டர்பைனை) இறக்கினால் போதும். இதில் சக்தி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது: வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. நொடிக்கு இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே படகில் போய் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொல்ல முடியாது. குறைந்தது ஒரு சந்திர மாதம், பல ஆழங்களில், கோடையிலும் மழைக்காலத்திலும் அளக்க வேண்டும். இடுக்கு எவ்வளவு குறுகல், அடியில் பாறையா மணலா, மீன்பிடிப் படகுகள் எங்கே வலை போடுகின்றன என்பதெல்லாம் அப்புறம்.

கிடைப்பது சிறிய அளவாகத்தான் இருக்கும். தீவுக் கிராமங்களில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டும் செலவோடு ஒப்பிட்டால் அதுவே லாபமாகலாம். மோல்மீன் வரை கம்பி இழுக்கும் அளவுக்கு வராது. உங்கள் வீட்டுக்கு இப்போதைக்குக் கூரைமேல் சோலார்தான் வழி.