பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை!

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. நாங்கள் சொல்வது புரிகிறது. பதில் சொல்ல வந்தால் "அது... அது..." என்பதோடு நின்றுவிடுகிறார். ஆனால் போன வாரம் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியபோது கூடவே இரண்டு வரி தெளிவாகப் பாடினார்! தினமும் பாட்டுப் போட்டால் பேச்சு வந்துவிடுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அந்த இரண்டு வரி உங்களை எப்படி உலுக்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும் அம்மா. பதினெட்டு வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். இன்றைக்கும் ஒருவர் அப்படிப் பாடினால் என் கண் நிறைந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடிபடுவதால்தான் வலது கை கால் விழுவதும் பேச்சு போவதும் சேர்ந்தே வருகின்றன. பாட்டுக்கு வலப்பக்கமும் நிறையக் கைகொடுக்கும். இதை வைத்து 1973-இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் ஒரு பயிற்சி முறையையே கொண்டுவந்தார்கள். 2011-இல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸும் பாட்டின் உதவியோடுதான் மறுபடி பேசப் பழகினார்.

ஆனால் பாட்டுப் போட்டால் மட்டும் போதாது. என்னிடம் வந்த ஒரு தையல்காரர் நான்கு பாட்டை முழுதாகப் பாடுவார். பசித்தால் வயிற்றைத் தட்டித்தான் காட்டுவார். மனப்பாடப் பாட்டிலிருந்து ஒரு சொல்லைத் தனியே உருவ அவரால் முடியவில்லை. அதனால் பாட்டை விட்டுவிட்டு, "தண்ணி வேணும்" என்பதையே ராகம் போட்டோம். இரண்டே சுரம்: "தண்ணி" கீழே, "வே" மேலே, "ணும்" மறுபடி கீழே. அவருடைய இடது கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாக மேஜையில் தட்டுவேன். முதலில் வாய் மூடி முனகல். அப்புறம் இருவரும் சேர்ந்து. அடுத்து, நான் பாதியில் நிறுத்த அவர் முடிப்பார். கடைசியில் "என்ன வேணும்?" என்று கேட்பேன், அவர் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் வீட்டில், யாரும் கேட்காமலே, தொடையில் தட்டிக்கொண்டு சொல்லிவிட்டார். சொம்போடு ஓடிவந்த அவர் மனைவி, தண்ணியைக் கொடுக்க மறந்து அப்படியே நின்றாராம்.

எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் வராது. உங்கள் கணவரைப் போல, புரிதல் நன்றாக இருந்து சொல்ல மட்டும் திணறுகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பலிக்கும். பக்கவாதத்துக்குப் பின் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பழகியவரிடம் காட்டுங்கள். வீட்டில் தினமும் உங்கள் கணவருக்குத் தேவைப்படும் நான்கைந்து வாக்கியங்களை எழுதிக் கொண்டுபோங்கள். பேரன் பேரும் அதில் இருக்கட்டும்.

பாட்டுக் கேட்பதையும் நிறுத்தாதீர்கள். பின்லாந்தில் பக்கவாதம் வந்தவர்கள் இரண்டு மாதம், தினமும் ஒரு மணி நேரமாவது பிடித்த பாட்டுகளைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது என்று 2008-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவருக்குப் பிடித்த பாட்டு என்பதுதான் முக்கியம். "இந்த நோய்க்கு இந்த ராகம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன். நடக்கும்போது கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொள்கிறது. இசையால் பலன் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு. அவருக்கு வேண்டியது சீரான தாளம். உள்ளுக்குள் எழ வேண்டிய தாளம் தடுமாறும்போது, வெளியிலிருந்து கேட்கும் தாளத்தைக் கால் பிடித்துக்கொள்ளும். 1996-இல் வெளியான மைக்கேல் தாட் குழுவினரின் ஆய்வில், மூன்று வாரம் தினமும் அரை மணி நேரம் தாளத்தோடு நடந்தவர்களுக்கு வேகமும் கூடியது, எடுத்து வைக்கும் அடியும் நீண்டது. போனில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் செயலி இலவசமாகவே கிடைக்கும். நிமிடத்துக்கு எத்தனை தட்டு வைப்பது என்பதை அவர் நடையைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணுங்கள். மூன்று சொல்வதற்குள் கால் எழும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.