ரோல் போடாத டிரம்மரை மாற்றலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எட்டுப் பேராக ஓர் இசைக்குழு நடத்துகிறோம். கல்யாண டின்னர், கோயில் திருவிழா, பிறந்தநாள் என்று வாரக் கடைசியில் ஏதாவது ஒன்று வரும். ஆரம்பத்திலிருந்தே ஒரே டிரம்மர்தான், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய அங்கிள். ரோல், அதாவது படபடவென்ற தொடர் தட்டு, போட மாட்டார், சிம்பல் என்ற உலோகத் தட்டையும் அதிகம் தொட மாட்டார். "டிரம்ஸே கேட்கலையே" என்று டின்னருக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். போன மாதம் அவருக்குக் காய்ச்சல். வேறு ஒரு பையனைக் கூப்பிட்டோம். கை பறந்தது, கைதட்டலும் வாங்கினான். ஆனால் எந்தப் பாட்டும் உட்காரவில்லை. பாடகிக்கு நான்காவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிட்டது. என்ன காரணம்? அங்கிளின் டிரம் செட்டும் பழசு, ஹைஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) அடிக்கடி நழுவுகிறது. ஆளை மாற்றுவதா, செட்டை மாற்றுவதா?

பதில்: ஆளை மாற்றாதீர்கள், தம்பி. காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, அந்தப் பாடகியின் தொண்டை.

அந்த ராத்திரி நடந்தது அநேகமாக இதுதான். பையன் சிம்பலை ஓயாமல் அடித்திருப்பான். ச, த, க என்று பாட்டு வரிகளைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஓசைகள் எல்லாம் மேல் சுருதியில் இருப்பவை. சிம்பலின் இரைச்சலும் அங்கேதான் பரவும். வரி புரியவில்லை என்று பாடகி சத்தத்தைக் கூட்டுவார். அவர் கூட்டியதும் கித்தார்காரர் வால்யூமைத் திருகுவார். காலால் அடிக்கும் கிக் டிரம் இடைவெளி விடாமல் விழுந்தால் பேஸ் கித்தார் வாசிப்பவர் தன்னை அறியாமலேயே நோட்டைக் குறுக்கிவிடுவார், ஏனென்றால் நீட்ட இடமில்லை. கீபோர்டின் இடது கையும் ஒதுங்கிக்கொள்ளும். ஆக, மாறியது ஒருவர்தான் என்று நீங்கள் நினைத்தாலும், மற்ற ஏழு பேரும் அன்றைக்கு வேறு மாதிரி வாசித்திருக்கிறார்கள். "எங்கள் குழுவின் சவுண்டு" என்று இத்தனை நாள் நீங்கள் நினைத்ததில் பாதி, அங்கிள் விட்ட இடத்தில் மற்றவர்கள் வாசித்தது.

மண்டபத்தையும் கணக்கில் எடுங்கள். நம் ஊர் டேவானில், அதாவது பொது மண்டபத்தில், சிமெண்டுத் தரை, தகரக் கூரை, பேட்மிண்டன் கோர்ட்டுக் கோடுகள், நாலு பக்கமும் வெறும் சுவர். பின்சுவர் மேடையிலிருந்து 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். போய்த் திரும்ப 40 மீட்டர், அதாவது 0.11 நொடிக்குக் கொஞ்சம் மேல். நிமிடத்துக்கு 130 அடி ஓடும் பாட்டில் ஓர் அடியை நான்காக வெட்டி ரோல் போட்டால், இரண்டு தட்டுக்கு நடுவே இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுவேதான். போன தட்டின் எதிரொலி அடுத்த தட்டின் மேல் வந்து விழும். மேடையில் நிற்கிறவருக்கு எது அடி, எது எதிரொலி என்று தெரியாது. அங்கிள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். ஆனால் அதே டேவான்களில் இத்தனை வருஷம் வாசித்த காதுக்கு இது தெரியும்.

உலகம் அறிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ், 1963-இல் சேர்ந்து 2021-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். மைதானம் நிறைய ஆள் கூடும் கச்சேரிக்கும் சின்ன செட்தான். அவர் வாசிக்கும் வீடியோவில் வலது கையைக் கவனியுங்கள். இடது கை ஸ்நேரில் (முன்னால் இருக்கும் சின்ன டிரம்மில்) இறங்கும்போது வலது கை ஹைஹாட்டை அடிக்காமல் லேசாக மேலே எழும்பும். எல்லோரும் இரண்டையும் சேர்த்து அடிக்கும் இடம் அது. அவர் ஒன்றை விட்டதால் ஸ்நேர் தனியாக, தடித்துக் கேட்கும். பெரும்பாலான குழுக்களில் மற்றவர்கள் டிரம்ஸைப் பிடித்துப் போவார்கள். அங்கே அவர் கித்தாரைப் பிடித்துப் போவார். அந்தக் குழுவின் லேசாகத் தள்ளாடும் நடை இதிலிருந்து வந்ததுதான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களை ஹெட்போனில் கேளுங்கள். பல பாட்டில் பல்லவிக்கு டிரம்ஸ், சரணத்துக்குத் தபேலா என்று இடத்தைப் பிரித்திருப்பார்கள். ஒன்று வாசிக்கும்போது மற்றது வாயை மூடும். உங்கள் குழுவிலும் தபேலா இருந்தால், அங்கிள் சரணத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஹைஹாட்டை மட்டும் மூடித் தட்டிக்கொண்டிருந்தால் அவர் கெட்டிக்காரர்.

சரி, அமைதியாக வாசிப்பவர் எல்லாம் நல்ல டிரம்மர் என்று நான் சொல்லவில்லை. சும்மா சோம்பலாக வாசிப்பவரும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி. கைபேசியை மண்டபத்தின் கடைசி வரிசையில் வைத்து ஒரே பாட்டை இரண்டு பேரையும் வாசிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள். முதல் பல்லவியிலும் கடைசிப் பல்லவியிலும் வேகத்தை அளந்து பாருங்கள், அதற்கு இலவச ஆப் இருக்கிறது. 112-இல் தொடங்கியவர் 120-இல் முடித்தால் ரோல் ஒவ்வொன்றிலும் ஓடியிருக்கிறார் என்று அர்த்தம். 106-க்கு இறங்கினால் சோம்பல். கண்ணை மூடிக் கேட்டு, பாட்டு வரி எத்தனை புரிகிறது என்றும் பாருங்கள். அப்புறம் பேஸ் வாசிப்பவரிடம் தனியாகக் கேளுங்கள். யாரோடு வாசித்தால் கைக்குச் சுகம் என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.

இருபது வயதில் நானும் அந்தப் பையன்தான். தைப்பிங் பக்கம் ஒரு கல்யாணத்தில் பாடகர் மூச்சு எடுத்த இடத்திலெல்லாம் ரோல் போட்டேன். மூன்றாவது பாட்டில் அவர் மைக்கை என் ஸ்நேர் மேல் வைத்துவிட்டு, "நீயே பாடு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிச் சாப்பிடப் போய்விட்டார். பால் வெட்டிய மனிதருக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. கத்தி பட்டையில் கொஞ்சம் ஆழம் போனாலும் மரம் புண்ணாகும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

குத்துப்பாட்டு மட்டும் வேறு கதை. சாப்பாடு முடிந்து ஆட்டம் தொடங்கியதும் ஜனங்களுக்குச் சத்தம் வேண்டும், அது நியாயம். அந்தக் கடைசி அரை மணிக்குப் பையனை ரிதம் பேடில் (தட்டினால் ஒலிக்கும் மின்னணுப் பலகையில்) உட்கார வையுங்கள், செட்டில் அங்கிளே இருக்கட்டும். "டிரம்ஸ் கேட்கலை" என்ற புகாருக்கு ஆளை மாற்ற வேண்டியதில்லை. கிக்குக்கு ஒரு மைக் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

செட்டையும் முழுதாக மாற்ற வேண்டாம். ஹைஹாட் நழுவுகிறது என்றால் மேல் தட்டைப் பிடிக்கும் கிளட்ச் தேய்ந்திருக்கும். சின்னச் சாமான், விலையும் பெரிதாக இருக்காது. ஈப்போவில் இசைக்கருவிக் கடைக்குப் போகும்போது அந்தக் கிளட்ச் மாட்டியிருக்கும் ஹைஹாட் கம்பியையும் கையோடு கொண்டுபோங்கள், எல்லாக் கம்பியும் ஒரே தடிமன் இல்லை.