கஞ்சாச் சட்டம்: மாநில அரசு எதுவரை போகலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

“இமாச்சலப் பிரதேசம் கஞ்சாவை அனுமதித்துவிட்டது, தமிழ்நாடும் ஒரு மசோதா நிறைவேற்றினால் போதும் என்கிறார்கள் வகுப்பு நண்பர்கள். சரியா?”
– சட்ட மாணவி, தரமணி

இரண்டுமே பாதி உண்மை. இமாச்சலில் 2023-ல் வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2024 செப்டம்பரில் அதன் அறிக்கையைச் சட்டமன்றம் ஏற்றது. 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌணி வேளாண் பல்கலைக்கழகங்கள் வழியாக முன்னோடி ஆய்வு நடத்த அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மருந்துக்கும் தொழிலுக்குமான சாகுபடிதான் பேச்சு. போதைக்குப் புகைக்க அனுமதி இல்லை.

மாநிலத்தின் எல்லையை வகுப்பது 1985-ன் போதைப்பொருள் சட்டம் (என்.டி.பி.எஸ்.). மருத்துவ, அறிவியல் தேவை தவிர மற்ற எல்லாவற்றையும் பிரிவு 8 தடுக்கிறது. அந்த வட்டத்துக்குள் சாகுபடி, விற்பனை, போக்குவரத்தை ஒழுங்குபடுத்த மாநிலத்துக்குப் பிரிவு 10 அதிகாரம் தருகிறது. சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்) மட்டும் விலக்கு. நார், விதை, தோட்டக்கலைக்காகச் செடி வளர்க்க அரசு ஆணை பிறப்பிக்கலாம் என்கிறது பிரிவு 14. உத்தராகண்ட் 2018-ல் ஹெம்ப் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதை குறைந்த கஞ்சாச் செடி) உரிமம் தந்தது இந்த வழியில்தான். ஆகவே ஹெம்புக்கு மசோதாவே தேவையில்லை, அரசாணையும் விதிகளும் போதும். சட்டமன்ற விவாதம் இல்லாமலே விதிகள் வந்துவிடலாம் என்பதால், வரைவுக் கட்டத்திலேயே மக்கள் விழித்திருக்க வேண்டும்.

போதைக்கான பயன்பாட்டை அனுமதிப்பது வேறு கதை. மருந்துகளும் நஞ்சுகளும் பொதுப்பட்டியலில் 19-வது பதிவு. மத்திய சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் இயற்றினால், அரசமைப்பின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 2017-ல் ஜல்லிக்கட்டுக்குப் பெற்றது போல. ஆனால் இங்கே போதைப்பொருள் பற்றிய 1961-ன் ஐ.நா. உடன்படிக்கை குறுக்கே நிற்கிறது. 2020 டிசம்பரில் கஞ்சாவை அதன் மிகக் கடுமையான பட்டியலான 4-ம் அட்டவணையிலிருந்து நீக்க இந்தியாவும் வாக்களித்தது உண்மை. ஆனால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களின் 1-ம் அட்டவணையில் கஞ்சா இன்னும் இருக்கிறது. மத்திய அரசு இசையாமல் ஒப்புதல் கிடைக்காது.

“பாங்கு இலை இந்தச் சட்டத்தில் வராது என்று ஹோலி சமயத்தில் சொல்கிறார்கள். வாங்கி வைத்துக்கொள்ளலாமா?”
– வியாபாரி, சௌகார்பேட்டை

வேண்டாம். பூ அல்லது காய் நுனியோடு சேராத இலையும் விதையும் ‘கஞ்சா’ என்ற வரையறையில் இல்லை, அது சரி. ஆனால் இலையை மாநில மதுவிலக்கு, ஆயத்தீர்வைச் சட்டங்கள் தனியாகக் கட்டுப்படுத்தலாம். மேலும், பொட்டலத்தில் ஒரு பூநுனி கலந்திருந்தால் கதையே மாறிவிடும். கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு: ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல், வணிக அளவுக்குக் கீழே என்றால் 10 ஆண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு; அங்கே குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஜாமீனும் கடினம்.

“கனடாவில் மாநிலங்கள்தான் முடிவெடுத்தன என்கிறான் டொரண்டோவில் இருக்கும் தம்பி. அங்கே மக்களிடம் எப்படிக் கேட்டார்கள்?”
– வாசகர், அண்ணா நகர்

கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது கனடாவின் மத்திய அரசு. 2018 அக்டோபர் 17 முதல். வயது, கடை, புகைக்கும் இடம் ஆகியவற்றை மாகாணங்களுக்கு விட்டது. மத்திய சட்டம் குறைந்தபட்ச வயது 18 என்றது. ஒன்டாரியோ 19 வைத்தது, கியூபெக் 2020-ல் 21 ஆக உயர்த்தியது. வீட்டுக்கு 4 செடி என்றது மத்திய சட்டம். கியூபெக் அதையும் தடுத்தது. 2023-ல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது.

சட்டத்துக்கு முன்பே, 2016-ல், ஆன் மெக்லெல்லன் தலைமையிலான பணிக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. ஏறத்தாழ 30,000 பதில்கள் வந்தன. ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்காமல் வயது, விளம்பரம், விற்பனை, வாகனம் ஓட்டுதல் என்று பிரித்துக் கேட்டதுதான் அங்கே நாம் கற்க வேண்டியது.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: அங்கே சட்டப்படி வாங்கியதானாலும் சென்னைக்குக் கொண்டுவரக் கூடாது. கனடாவிலிருந்து எடுத்துச் செல்வதே அந்நாட்டில் குற்றம். இங்கே இறக்குமதிக் குற்றம்.

“ஹெம்ப் விதிகளுக்குக் கருத்துக் கேட்டால் என்ன எழுதுவது? ‘ஆதரிக்கிறோம்’, ‘எதிர்க்கிறோம்’ என்பதற்கு மேல் எங்களுக்குத் தெரியவில்லை.”
– குடியிருப்போர் நலச் சங்கம், பெரம்பூர்

ஆயிரம் பேர் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பினால் அதிகாரி அதை ஒரே கருத்தாகத்தான் குறித்துக்கொள்வார். வரைவின் பத்தி எண், அதிலுள்ள சொற்கள், நீங்கள் கேட்கும் மாற்றுச் சொற்கள், காரணம். இந்த நான்கும் உள்ள ஒரு பக்கத்தை அவர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது 0.3 சதவீதம். உரிமங்களில் டி.எச்.சி. (செடியில் போதை தரும் பொருள்) வரம்பாக இது வரும், என்.டி.பி.எஸ். சட்டத்தில் கிடையாது. அந்தச் சட்டம் கஞ்சாவைச் செடியின் பாகத்தால் வரையறுக்கிறது, வீரியத்தால் அல்ல. எனவே 0.1 சதவீதம் உள்ள பூநுனியும் ‘கஞ்சா’தான். அறுவடையில் மிஞ்சும் பூநுனிகளை யார் முன்னிலையில், எத்தனை நாளில் அழிப்பது என்று விதியில் இல்லாவிட்டால், உரிமம் வைத்திருக்கும் விவசாயியே வழக்கில் சிக்குவார்.

அடுத்தது, எந்த டி.எச்.சி.? பச்சைச் செடியில் பெரும்பகுதி அமில வடிவில் (டி.எச்.சி.ஏ.) இருக்கும், சூடுபட்டால்தான் டி.எச்.சி. ஆகும். டி.எச்.சி.ஏ. அளவை 0.877-ஆல் பெருக்கி டி.எச்.சி.யுடன் கூட்டினால் மொத்த அளவு வரும். 0.05 டி.எச்.சி.யும் 0.40 டி.எச்.சி.ஏ.யும் உள்ள மாதிரி, டி.எச்.சி.யை மட்டும் பார்க்கும் கணக்கில் தேறிவிடும். மொத்தக் கணக்கில் 0.40 ஆகி வரம்பைத் தாண்டும். ‘மொத்த டி.எச்.சி.’ என்று எழுதச் சொல்லுங்கள்.

மாதிரி எடுக்கும் முறையும் அப்படியே. நுனிப் பூவில் அதிகம், கீழ் இலையில் குறைவு. பூக்கும் காலத்தில் நாளுக்கு நாள் கூடும். செடியின் மேல் எத்தனை சென்டிமீட்டர், வயலில் எத்தனை செடி, அறுவடைக்கு எத்தனை நாள் முன், எந்த ஆய்வகம், மறுசோதனைக்கு இரண்டாவது மாதிரி உண்டா, வரம்பு தாண்டினால் பயிரை அழிக்கும் செலவு யாருடையது என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். எதிர்ப்பவர்களும் இதைத்தான் கேட்க வேண்டும். ஓட்டையுள்ள விதி கடத்துபவருக்கே உதவும்.

உணவுப் பொருளுக்கு முன்மாதிரி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஹெம்ப் விதைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், விதை எண்ணெய்க்கு 10 மில்லிகிராம் என டி.எச்.சி. வரம்பு வைத்தது. இப்படி எண்ணோடு எழுதிய விதியைத்தான் சோதித்துப் பார்க்க முடியும்.

கால அவகாசத்தில் கவனம் வேண்டும். வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் முன் வைக்க வேண்டும் என்ற 2014 கொள்கை மத்திய அரசுக்கானது, மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் முக்கியக் கொள்கை வகுக்கும்போது தொடர்புடைய தகவல்களை அரசே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு. வரைவு உண்டா, குழு உண்டா என்று கோட்டையிலுள்ள உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், தட்டிக்கழிப்பார்கள். ஆவண நகல் கேளுங்கள். கருத்தை விரைவுத் தபாலிலும் அனுப்பி ரசீதைச் சங்கக் கோப்பில் வையுங்கள்.

“மகன் கல்லூரியில் கஞ்சா பழகிவிட்டான். சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. சிகிச்சைக்குப் போனால் போலீஸ் பிடிக்குமா?”
– ஒரு தாய், வேளச்சேரி

காத்திருக்காதீர்கள், அம்மா. சிகிச்சைக்குப் போவது குற்றமல்ல. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்திலோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியிருந்தாலும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு, பிரிவு 64-ஏ. ஆனால் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். சேர்ந்த நாளின் சீட்டு முதல் எல்லாக் காகிதமும் உங்களிடம் இருக்கட்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் கேட்கலாம்.