மகள் இப்போது என்னிடம் கதை கேட்பதில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 46. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மதியமாகிவிடும், முகூர்த்த நாளென்றால் இன்னும் தாமதம். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் விஞ்ஞானக் கதை என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். எங்கள் அத்தை, ஆனந்த விகடனில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் தனியாக எடுத்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்திருந்தார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை அதில்தான் படித்தேன். அப்புறம் சம்பாதிக்க ஆரம்பித்ததும் புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் தேடித்தேடிக் குறுநாவல்களாக வாங்கினேன். எனக்குப் பெரிய நாவலைவிடக் குறுநாவல்தான் பிடிக்கும், ஒரே ஒரு 'இப்படி நடந்தால் என்ன'வைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விடுவார்கள், லீவு நாளில் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

இதையெல்லாம் என் மகளுக்குக் கதையாகச் சொல்லித்தான் வளர்த்தேன். சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு சொல்வேன். எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய கால இயந்திரக் கதை ஒன்று இருக்கிறதே, எதிர்காலத்துக்குப் போய் வந்தவனின் சட்டைப்பையில் கடைசியில் இரண்டு வாடிய வெள்ளைப் பூக்கள் மட்டும் மிஞ்சியிருக்கும், அதைச் சொன்ன மறுநாளிலிருந்து நான் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் அவள் என் சட்டைப்பையில்தான் கையை விடுவாள், நானும் இரண்டு மல்லிகையைப் போட்டுக்கொண்டு வருவேன். இயந்திரா கதை 2021இல் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த 2021 நிஜமாகவே வந்தபோது வீட்டுக்குள் உட்கார்ந்து ஆன்லைன் கிளாஸ் படித்துக்கொண்டிருந்தவள், "நம்ம வீட்டுக்கு ஜீனோ எப்பப்பா வரும்?" என்று கேட்டாள். ரோபோ நாய் கேட்ட பிள்ளை மேடம்.

இப்போது பத்தாம் வகுப்பு. டியூஷன் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு மொபைலில் ஏதோ இங்கிலீஷ் கதை படிக்கிறாள். அதுவும் குறுநாவல்தான், அதுவும் ரோபோ கதைதான், 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' என்று பெயர். "என்னம்மா கதை, எனக்கும் சொல்லேன்" என்றால், "உங்களுக்குப் புரியாதுப்பா" என்கிறாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் அன்று தூக்கமே வரவில்லை. மனைவி, "வயசுப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும், விடுங்க" என்கிறாள். விட முடியவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்ததே அந்தக் கதைகள்தான். இந்த வயதில் நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டால் சரியாகுமா? இல்லை, இப்படி வருத்தப்படுவதே தப்பா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

அன்புள்ள சகோதரருக்கு,

வருத்தப்படுவது தப்பே இல்லை. வாசலில் நின்று சட்டைப்பையைத் துழாவிய பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பது ஒரு அப்பாவுக்கு நிஜமான இழப்பு. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, இதற்குப் போய் வருத்தமா என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இடையில் வந்தது இங்கிலீஷ் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புகிறவர் எட்டு மணிக்காவது படுத்தால்தான் உடம்பு தாங்கும். அவளோ டியூஷன் முடிந்து வந்து சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் தனக்கென்று கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறாள். முன்பு கதை சொன்ன மொட்டை மாடி நேரத்தை டியூஷன் எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் கேள்வி கேட்பது, அநேகமாக உங்கள் கண் சொக்குகிற, அவள் அப்போதுதான் புத்தகத்தைத் திறக்கிற அந்தப் பத்து நிமிடத்தில். அந்த நேரத்தில் தமிழ்க் கதையாக இருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியமோ, டியூஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விடும்போதோ கேட்டுப் பாருங்கள்.

வண்டி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கதையை நானும் படித்திருக்கிறேன். மார்த்தா வெல்ஸ் எழுதி 2017இல் வந்தது, குறுநாவலுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டும் வாங்கியது. மனிதர்களுக்குக் காவலாக அனுப்பப்படும் ஒரு பாதி இயந்திரம், தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை யாருக்கும் தெரியாமல் முறித்துவிடுகிறது. சுதந்திரம் கிடைத்ததும் அது யாரையும் கொல்லக் கிளம்பவில்லை, உட்கார்ந்து சீரியல் பார்க்கிறது. தன்னோடு இருக்கும் மனிதர்களை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும், ஆனால் அவர்கள் தன் முகத்தைப் பார்த்துப் பேசினால் அதற்குத் தாங்காது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாசம் இருக்கிறது, ஆனால் உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டால் கூசுகிறது. அந்த வயதே அப்படித்தான். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றபோது அவள் உங்கள் படிப்பைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இது எனக்கே இன்னும் சொல்லத் தெரியவில்லை, விட்டுவிடுங்கள் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். வண்டியில் போகும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து பேசுகிற அளவுக்கு எதிரில் உட்கார்ந்து பேசுவதில்லை, பல பெற்றோர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

கேட்கும்போது கதை முழுவதையும் கேட்காதீர்கள். "அந்த ரோபோ இப்ப எங்க மாட்டியிருக்கு?" என்று ஒரு துண்டு கேளுங்கள். அவள் சொல்ல ஆரம்பித்தால், "ஜீனோ மாதிரியா?" என்று உடனே உங்கள் கதைக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள், அது கொஞ்சம் கஷ்டம்தான், வாய் வரைக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் அவள் படுத்துக்கொண்டு கேட்டாள், நீங்கள் சொன்னீர்கள். இப்போது கேட்கிற இடத்துக்கு நீங்கள் போக வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பாயிற்றே, மார்க் என்னாகும் என்ற பேச்சை அந்தப் பயணத்தில் மட்டுமாவது எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது, அதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் புத்தகங்களைப் பற்றி அவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எல்லாம் பழைய காலத்தவை. இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எந்த இடத்திலோ உங்களுக்காகப் படிப்பது நின்று, மகளுக்குச் சொல்வதற்காக மட்டும் என்று ஆகிவிட்டதோ? அப்படியானால் அவள் கேட்பதை நிறுத்தியதும் உங்கள் கையிலிருந்து இரண்டு போயிருக்கின்றன, மகளோடு இருந்த நேரமும் உங்கள் சொந்த சந்தோஷமும். இரண்டாவதைத் திருப்பித் தர அவளால் முடியாது, அதை அவள் மேல் சுமத்தவும் கூடாது. நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கடையில் வரத்து குறைந்த நாளில் ஒருமுறை போய் வாருங்கள், தனியாகவே போங்கள். மதியத் தூக்கம் போக ஒரு மணி நேரம் உங்கள் குறுநாவலுக்கு ஒதுக்குங்கள். அப்பா மறுபடி படிக்கிறார் என்பது அவள் கண்ணில் தானாகப் படும், நீங்கள் அதற்காகப் படிக்காதவரைக்கும்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது அந்த வயதுக்கு இயல்புதான். ஆனால் தூக்கம், சாப்பாடு குறைந்து, தோழிகளோடு பேச்சும் நின்று, பிடித்த கதையைக்கூடத் தொடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாளென்றால் அது வேறு விஷயம். அப்போது 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற இலவச அரசு உதவி எண், தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக இங்கிலீஷ். ஆசையாக இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், 46 ஒரு வயதே இல்லை. மகளைப் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம், அவள் படிக்கிற வேகத்துக்கு நீங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் கேளுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.