சிரித்தவர்களும் சாட்சிதான்

வணக்கம் அண்ணா,

கிளிநொச்சியில் காணி வேலைகள் நடக்கும் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அம்மப்பா குடும்பம் 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தோடு மலையகத்தில் அட்டன் பக்கமிருந்து வந்தது. அம்மாவும் நானும் பிறந்தது வன்னியில்தான். போன கிழமை தேத்தண்ணி நேரம் காணிக் கச்சேரி (அரச காணி யாருக்குக் கொடுப்பது என்று விசாரிக்கும் கூட்டம்) பற்றிக் கதை வந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல்லைப் போட்டு, "தோட்டக்காட்டானுக்கெல்லாம் காணி குடுத்துத்தான் ஊர் இப்பிடிப் போச்சு" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மூத்தவர் ஒருவர் தனியே கூப்பிட்டு, "சிங்களவன் எங்களுக்குச் செய்யிறதை விடவா இது? பெரிசுபடுத்தாதை தம்பி, ஒற்றுமை குலைஞ்சிடும்" என்றார். முறையிடவா, விடவா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்பின் தம்பி,

முறையிடுங்கள்.

அந்த மூத்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய புத்திமதி உங்களைத் தேடித்தான் வந்திருக்கிறது, பகிடி விட்டவரிடம் போகவில்லை. பகிடிக்காரர் பேசியதில் குலையாத ஒற்றுமை நீங்கள் வாய் திறந்தால் குலைந்துவிடுமாம்!

பேரினவாதம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் அம்மப்பாவை இங்கே துரத்தியதே அதுதான். 1948 குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்த விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்துதான் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. மேடையில் இதையெல்லாம் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். தேத்தண்ணி மேசையில் மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

சரி, காணிக்கு வருவோம். 1977க்குப் பிறகு கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தீயம் என்ற தொண்டு அமைப்பு, வவுனியாவை மையமாக வைத்து மலையக அகதிகளைக் குடியேற்றியது. 1983இல் இருவரையும் பிடித்தார்கள். ராஜசுந்தரம் அந்த யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984இல் கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்களை விரட்டிவிட்டு அங்கே சிங்களக் கைதிகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். வன்னியின் எல்லைக் காணியில் முதலில் அடி வாங்கிய சனங்களில் இவர்களும் உண்டு. அவர்களுக்குக் காணி கொடுத்து ஊர் கெட்டதாம்.

உங்கள் சக ஊழியர் கிளிநொச்சியில் மலையகக் குடும்பங்கள் இருக்கும் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் ஒருநாள் போய் வரட்டும். அரச காணியில் இருக்க உரிமை தரும் உத்தரவுப் பத்திரத்துக்காக வருடக்கணக்காக அலைந்த குடும்பங்களை அங்கே காணலாம். பத்திரம் இல்லாதவருக்கு வீட்டுத்திட்டமும் எளிதில் கிடைக்கவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள் பெரும்பாலும் வேறு ஆட்களுடையவை. இவர்கள் அங்கே கூலிக்குப் போனார்கள். (வெட்டு இயந்திரம் வந்தபின் அந்தக் கூலியும் குறைந்துவிட்டது.)

கடைத்தெருவில் ஒருவன் இப்படிப் பேசியிருந்தால், "என்னோட இந்தக் கதை வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரச் சொல்லியிருப்பேன். இங்கே கதை வேறு. உங்கள் சனத்துக்குக் காணி கொடுத்ததே பிழை என்று நினைக்கிறவரின் மேசைக்குத்தான் நாளைக்கு அந்தச் சனத்தின் கோப்பும் வரும். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், சாதி, பிறந்த இடம் என்று பெயர் சொல்லியே பாரபட்சத்தைத் தடுக்கிறது. அரச ஊழியருக்கு அது தெரியாமல் இருக்கக்கூடாது.

நீளமாக எழுத வேண்டாம். திகதி, இடம், அவர் சொன்ன வார்த்தை, அங்கே இருந்தவர்கள். அவ்வளவும் போதும். மேலதிகாரியிடம் கொடுத்து, பிரதியில் பெற்றதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க முதல், அந்த மூத்தவரிடம் போய்ச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.